கிடைக்கும் பட்டிக்கும் தரை வேண்டும்

விழுப்புரம், திண்டிவனம் பக்கம் சம்பா அறுப்பு முடிந்ததும் செம்மறிக் கிடை மடக்குவது பழைய வழக்கம். பகலெல்லாம் அறுத்த தாளையும் வரப்புப் புல்லையும் மேய்ந்த மந்தை இரவில் அதே வயலில் அடையும்; மறுநாள் அடுத்த துண்டுக்கு மாறும். புழுக்கையும் மூத்திரமும் வண்டிச் செலவில்லாமல் நேரே மண்ணில் இறங்கும். வெயிலில் காயவிட்டால் தழைச்சத்து காற்றோடு போய்விடும். ஆகவே கிடை நகர்ந்த கையோடு ஏர் ஓட்டிவிடுவார்கள். ஆட்டுக்காரருக்கு இராக்கணக்கில் பணமோ நெல்லோ கூலி.

இலங்கையின் மட்டக்களப்பில் மாட்டுப் பட்டிதான் பெருஞ்செல்வம். பெரும்போக விதைப்புக்கு முன் பட்டிகள் வயல்வெளியை விட்டுப் போகவேண்டிய திகதியைப் பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் முடிவு செய்கிறார்கள். மயிலத்தமடு, மாதவணை மேய்ச்சல் தரைகளில் மாரியைக் கழிக்கும் மாடுகள், அறுவடைக்குப் பின் வயலுக்குத் திரும்பித் தாளை மேய்ந்து எருவிடும்.

இரண்டு இடத்திலும் மண்ணுக்கு நடக்கும் நன்மை ஒன்றே: மந்தை நெருங்கி மேயும், எருவிடும், நகரும், நிலம் ஓய்வெடுக்கும். இன்று மறுமலர்ச்சி வேளாண்மை என்று பேசப்படுவதன் உயிர்நாடி இதுதான். வேறுபாடு மழைக்காலத்தில் தெரிகிறது. கிடை என்பது நிலத்துக்காரருக்கும் ஆட்டுக்காரருக்கும் இடையிலான பேச்சு. பயிர் பச்சைகட்டி, ஏரி உள்வாயில் தண்ணீர் ஏறியபின் ஆடு எங்கே போகும் என்பதற்கு அந்தப் பேச்சில் பதில் இல்லை. பதிலாக இருந்த மேய்க்கால் புறம்போக்கு பல ஊர்களில் மனைகளாகவும் கட்டடங்களாகவும் சுருங்கிவிட்டது. சரணாலயங்கள், தேசியப் பூங்காக்கள், புலிகள் காப்பகங்களில் மேய்ச்சலுக்கு 2022-இல் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. மரக்காணத்தை ஒட்டிய கழுவெளி 2021-இல் பறவைகள் சரணாலயமானது. பறவைக்கு இடம் வேண்டும்; மந்தைக்கும் மாற்றிடம் வேண்டும்.

மட்டக்களப்பில் மாரிக்கென்று தரை இருக்கிறது. அதைக் காப்பதே போராட்டமாகிவிட்டது. வெளியிலிருந்து வந்தோர் மயிலத்தமடு, மாதவணையைப் பயிர்நிலமாக்குவதை எதிர்த்து 2023 செப்டம்பரில் சித்தாண்டியில் பண்ணையாளர்கள் தெருவில் உட்கார்ந்தார்கள்.

ஒரு குடும்பப் பண்ணை தன் வேலிக்குள் செய்யக்கூடியது உண்டு. மானாவாரி நிலத்தில் ஒரு பகுதியைக் கொழுக்கட்டைப் புல்லுக்கும் முயல் மசாலுக்கும் ஒதுக்கலாம். கடலைக்கொடியை விற்காமல் போர் போட்டு வைக்கலாம். சொந்த நிலமில்லாத ஆட்டுக்காரருக்கு இது உதவாது. அவருக்கு ஊர்ப் பொதுநிலம்தான் கதி. ஊர்ப் பொதுநிலங்களின் ஆக்கிரமிப்பை அகற்றத் திட்டம் வகுக்குமாறு 2011-இல் ஜக்பால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் மாநிலங்களுக்கு உத்தரவிட்டிருக்கிறது.

அக்டோபர் 2 கிராம சபை, வடகிழக்குப் பருவமழைக்குச் சற்று முன்னால் கூடுகிறது. உங்கள் ஊர் மேய்க்கால் புறம்போக்கை அளந்து கல் நட வேண்டும் என்று அங்கே தீர்மானம் கொண்டுவாருங்கள். விதைக்கிறவரும் மேய்க்கிறவரும் சேர்ந்தே கையெழுத்திடுங்கள்.