கொள்ளைநோயும் உல்லாசப் பயணமும்: தோமஸ் மானின் ‘வெனிஸில் மரணம்’ பற்றிய ஒரு நோக்கு

கொள்ளைநோய்க் காலத்தில் உல்லாசப் பயணிகளின் நடத்தையும் விருப்பங்களும் எவ்வாறு மாறுகின்றன என்னும் வினா, கொவிட்-19 பரவிய 2020ஆம் ஆண்டினை அடுத்து ஆய்வாளர் பலரின் கவனத்தை ஈர்த்துள்ளது. தொலைதூர நாடுகளை விடுத்து அண்மையிலுள்ள இடங்களை நாடுதல், நெரிசல் மிக்க நகரங்களைத் தவிர்த்துத் திறந்த வெளிகளைத் தேர்தல், பொதுப் போக்குவரத்தினும் சொந்த வாகனத்தை நம்புதல் என்பன அவர்கள் கண்ட மாற்றங்களுட் சில. இவை உண்மையே. ஆயின், இவற்றைப் பட்டியலிடுவதோடு அமையும்போது, விருப்பம் என்பது தனிமனித உள்ளத்தில் தானாகவே முளைப்பது என்ற எண்ணம் வலுப்பெற்றுவிடுகிறது. விருப்பத்தை உருவாக்கும் சமூக சக்திகள் யாவை? நோய் பற்றிய அறிவு யாருக்குக் கிட்டுகிறது, யாருக்கு மறைக்கப்படுகிறது? இவ்வினாக்களுக்கு விடைகாண்பதற்கு 1912இல் வெளிவந்த தோமஸ் மானின் ‘வெனிஸில் மரணம்’ என்னும் ஜேர்மன் குறுநாவல் பெரிதும் துணைபுரியும் என்பது நமது கருத்தாகும்.

1911ஆம் ஆண்டு மே மாதத்தில் மான் தம் மனைவியுடனும் தமையனார் ஹைன்ரிக்குடனும் வெனிஸில் தங்கியிருந்தார். அவ்வாண்டில் இத்தாலியில் கொலரா பரவியமையும் அதனை அரசு மறைக்க முயன்றமையும் வரலாற்றுண்மைகள். கதைத்தலைவனான அஷன்பாக், மியூனிக் நகரைச் சேர்ந்த புகழ்பெற்ற எழுத்தாளன். ஓய்வு நாடி வெனிஸுக்கு வரும் அவன், போலந்துக் குடும்பமொன்றைச் சேர்ந்த சிறுவனின் அழகில் மயங்கி, நகரில் நோய் பரவுவதை அறிந்தபின்னரும் வெளியேறாது அங்கேயே மடிகிறான். கலைக்கும் ஒழுக்கத்துக்கும் இடையிலான முரண்பாடே இக்கதையின் பொருள் என்பது திறனாய்வாளர் பலர் கூறிவந்தது. அதனை நாம் மறுக்கவில்லை. ஆயினும், அம்முரண்பாடு ஓர் உல்லாசப் பயணத் தொழிலின் நடுவே நிகழ்கின்றது என்பது போதிய அளவு கவனிக்கப்படவில்லை.

கதையில் விடுதியைவிட்டு முதலில் மறைபவர்கள் ஜேர்மன் மொழி பேசும் விருந்தினர். இதற்குக் காரணம் அவர்களது மனப்பாங்கு அன்று. வெனிஸிலிருந்து ஊர் திரும்பிய ஒஸ்திரியர் ஒருவர் நோயால் இறக்க, செய்தி ஜேர்மன் பத்திரிகைகளில் வெளியாகிறது. விடுதியின் வாசிப்பு மேசையிலிருந்து அப்பத்திரிகைகள் காணாமற் போகின்றன. அறிந்தவர் வெளியேறுகின்றனர், அறியாதவர் கடற்கரையில் இளைப்பாறுகின்றனர். பயணியின் ‘தெரிவு’ எனப்படுவது செய்தியின் மீதான ஆதிக்கத்தால் நிர்ணயிக்கப்படுவதை மான் துல்லியமாகக் காட்டியுள்ளார். மறைப்புக்கான காரணத்தையும் அவர் ஒளிக்கவில்லை. அண்மையில் தொடங்கிய ஓவியக் கண்காட்சியும், விடுதிகளுக்கும் கடைகளுக்கும் நேரக்கூடிய நட்டமும் நகராட்சியை மௌனமாக்குகின்றன. நேர்மையான மருத்துவ அதிகாரி பதவி துறக்க, இணங்கிப் போகும் ஒருவர் அவ்விடத்துக்கு வருகிறார்.

ஈண்டு இரண்டு பொய்களை வேறுபடுத்தி நோக்குதல் வேண்டும். நகரின் அதிகாரிகள் கூறும் பொய் இலாபத்தைக் காப்பது. விடுதி முற்றத்தில் பாடிக் காசு பெறும் தெருப்பாடகனும் நோய் எதுவும் இல்லையென்றே கூறுகிறான். அவனது பொய் அன்றாட உணவைக் காப்பது. பயணிகள் போய்விட்டால் அவனுக்குப் போக்கிடம் இல்லை. உண்மையை உரைப்பவனோ ஆங்கிலப் பயண முகவர் நிலையத்தின் எழுதுவினைஞன். நாளையினும் இன்றே புறப்படுவது நன்று என அவன் அறிவுறுத்துகிறான். அவனது நேர்மை போற்றத்தக்கதே. எனினும், உண்மை வெளிப்படும் இடம் பயணச்சீட்டு விற்கப்படும் இடமாக அமைவது தற்செயலன்று. வெளியேறும் வசதி உடையவனுக்கே உண்மை கூறப்படுகிறது. நோயின் முதற்பலிகளாக இனங்காணப்பட்ட கப்பற் கூலியாளுக்கும் மரக்கறி விற்ற பெண்ணுக்கும் அத்தகைய எச்சரிக்கை எதுவும் கிடைக்கவில்லை. பின்னர் அஷன்பாக் சிறியதொரு மரக்கறிக் கடையிலேயே கனிந்த ஸ்ரோபெரிப் பழங்களை வாங்கி உண்கிறான். வர்க்கங்களைப் பிரிக்கும் சுவரைப் பண்டம் ஊடுருவிவிடுகிறது.

மானின் வரம்பும் இங்கேதான் புலப்படுகின்றது. கொள்ளைநோயால் அடித்தட்டு மக்களிடையே குடியும் கொள்ளையும் பெருகியதாகக் கதை கூறுகிறது. அதே காலத்தில், தான் அறிந்த உண்மையைச் சிறுவனின் தாய்க்குக் கூறாது மறைக்கும் எழுத்தாளனின் வீழ்ச்சிக்குக் காவிய மேன்மை அளிக்கப்படுகிறது. ஏழையின் சீர்குலைவு குற்றமாகவும் கனவானின் சீர்குலைவு துன்பியலாகவும் தோன்றுகின்றன. ஜோர்ஜ் லூக்காச், மானைப் பூர்ஷ்வா விமர்சன யதார்த்தவாதத்தின் தலைசிறந்த பிரதிநிதியாகக் கண்டார். அம்மதிப்பீடு பொருந்துவதே, ஆனால் அந்த யதார்த்தம் விடுதியின் மாடத்திலிருந்து நோக்கப்பட்ட யதார்த்தம் என்பதையும் நாம் சேர்த்துக் கூறவேண்டும்.

ஒரு நூற்றாண்டின் பின் அதே நகரில் நிலைமை வேறாயிற்று. 2020 பெப்ரவரி 23ஆம் திகதி வெனிஸின் களியாட்ட விழா இடைநிறுத்தப்பட்டது. அடுத்த மாதம் இத்தாலி முழுவதும் முடக்கப்பட்டது. செய்தியை மறைப்பது இம்முறை இயலாததாயிற்று. உலகில் 2019இல் ஏறத்தாழ 146 கோடியாக இருந்த சர்வதேசப் பயணிகள் வருகை 2020இல் ஏறத்தாழ 40 கோடியாக வீழ்ந்தது. பயணிகளின் விருப்பம் நிலையாக மாறிவிட்டது என்ற பேச்சும் அப்போது எழுந்தது. ஆயின் 2024இல் வருகை மீண்டும் ஏறத்தாழ 140 கோடியை எட்டியது. நெரிசலை அஞ்சியவர் நெரிசலுக்கே திரும்பினர். அவ்வாண்டு ஏப்ரில் 25 முதல் குறிப்பிட்ட சில நாள்களில் வெனிஸுக்கு வந்து அன்றே திரும்புவோரிடம் 5 யூரோ நுழைவுக் கட்டணம் அறவிடப்பட்டது. 1951இல் ஏறத்தாழ 1,75,000 பேர் வாழ்ந்த பழைய நகரில் 2022இல் 50,000 பேர்கூட எஞ்சவில்லை. உள்ளத்தின் மாற்றம் தற்காலிகமானது. தொழிலின் அடித்தளம் மாறாதிருந்தமையால் பழைய நடத்தையே மீண்டது.

உல்லாசப் பயணத்தை அந்நியச் செலாவணியின் ஊற்றாகக் கொண்ட நாட்டில் வாழும் நமக்கு இது அயலார் கதையன்று. இலங்கைக்கு 2019இல் ஏறத்தாழ 19 இலட்சம் பயணிகள் வந்தனர். 2021இல் 2 இலட்சம் பேர்கூட வரவில்லை. வராத பயணியின் மனம் ஆராயப்படுகிறது. அறையைத் துப்புரவு செய்தவளும், வாகனம் ஓட்டியவனும், கடற்கரையில் சங்குமாலை விற்றவனும் அந்நாள்களை எவ்வாறு கழித்தனர்? மானின் தெருப்பாடகன் விடுதி விருந்தினரை நோக்கி நாவை நீட்டிப் பரிகசித்துவிட்டு இருளில் மறைகிறான். அவன் சென்ற வீட்டுக்குள் மான் நுழையவில்லை. அவ்வாயிலிலிருந்து தொடங்குவதே நமது எழுத்தாளரின் பணியாகும்.