சாம் பொல்லாக்கின் காய்நகர்த்தல்

ஐஸ் ஹாக்கியில் கோல் அடிப்பவரைக் கொண்டாட ஆயிரம் பேர் உண்டு. மேசைக்குப் பின்னால் அமர்ந்து அணியைக் கட்டுகிறவரின் கலையை ரசிப்பவர்கள் குறைவு. அந்தக் கலையில் எத்தனை முறை எண்ணிப் பார்த்தாலும் எனக்கு அலுக்காதது, மாண்ட்ரியல் கனடியன்ஸ் அணியின் பொது மேலாளர் சாம் பொல்லாக் 1970 மே மாதம் செய்த பரிமாற்றம்.

பிரெஞ்சு பேசும் கியூபெக் மக்களுக்குக் கனடியன்ஸ் தங்கள் வீட்டு அணி. கனடியன்ஸ் ஆடும் என்.எச்.எல். லீக்கில் இளம் வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் ஏற்பாட்டுக்கு ‘டிராஃப்ட்’ என்று பெயர். அதில் எல்லோருக்கும் முன்பாக இரண்டு பிரெஞ்சுக் கனடிய இளைஞர்களை எடுத்துக்கொள்ளும் தனிச்சலுகை கனடியன்ஸுக்கு இருந்தது. 1969இல் ரேஜான் ஊல், மார்க் தார்திஃப் இருவரையும் எடுத்ததோடு அது முடிந்தது. அடுத்த ஆண்டே அதன் வலி தெரிந்தது. மாண்ட்ரியலின் ஜூனியர் அணியில் ஆடிய ழில்பேர் பெரோ, லீக்குக்குப் புதிதாக வந்த பஃபலோ அணிக்குப் போய்விட்டார்.

ஆனால் பொல்லாக்கின் பார்வை அதற்கும் அடுத்த ஆண்டில் பதிந்திருந்தது. ஒட்டாவா ஆற்றங்கரையில் தர்சோ என்ற காகித ஆலை ஊரில் பிறந்த கீ லஃப்ளர், கியூபெக் ரம்பார் ஜூனியர் அணியில் கோல்களைக் குவித்துக்கொண்டிருந்தார். அவரை எடுக்க முதல் தேர்வு வேண்டும். முதல் தேர்வோ கடைசி இடத்தில் முடிக்கும் அணிக்கே. கனடியன்ஸ் கடைசியாக வரப்போவதில்லை.

ஆகவே பொல்லாக் இன்னொருவரின் முறையை வாங்கினார். வளர்ந்துவந்த எர்னி ஹிக்கியையும் தம்முடைய 1970 முதல் சுற்றுத் தேர்வு ஒன்றையும் ஓக்லண்ட் சீல்ஸ் அணிக்குக் கொடுத்து, அவர்களின் 1971 முதல் சுற்றுத் தேர்வையும் பிரான்சுவா லக்கோம்பையும் பெற்றுக்கொண்டார். சீல்ஸுக்கு உடனே ஆடும் ஆள் தேவை. பொல்லாக்கிடம் பொறுமை இருந்தது. அந்தப் பருவத்தில் சீல்ஸ் கோப்பைக்கான இறுதிக்கட்டச் சுற்றான பிளேஆஃப் வரை போன அணி என்பதை மறந்துவிடக் கூடாது. அவர்கள் கடைசிக்குச் சரிவார்கள் என்று கணித்ததில்தான் இவருடைய நுட்பம் இருக்கிறது.

1971 ஜனவரியில் அனுபவசாலியான ரால்ஃப் பேக்ஸ்ட்ராமை லாஸ் ஏஞ்சலிஸ் கிங்ஸுக்கு அனுப்பினார். கிங்ஸைத் தூக்கிவிட்டு சீல்ஸைக் கடைசியில் தங்கவைக்கவே இதைச் செய்தார் என்பது ஹாக்கி உலகம் விரும்பிச் சொல்லும் கதை. ஆனால் இடமாற்றம் கேட்டவர் பேக்ஸ்ட்ராமே. பருவ முடிவில் கிங்ஸ் 63 புள்ளிகள், சீல்ஸ் 45. ஒரு வீரரால் மட்டும் வந்த இடைவெளி அல்ல அது. எனக்கு அதில் பிடித்தது வேறு: தம் வீரரின் விருப்பமும் அணியின் தேவையும் ஒரே நகர்த்தலில் நிறைவேறின.

1971 ஜூன் 9 அன்று மாண்ட்ரியலின் மாபெரும் தலைவர் ழான் பெலிவோ ஓய்வை அறிவித்தார். மறுநாள் டிராஃப்ட். அப்போதும் தேர்வு எளிதாக இல்லை. டிரம்மண்ட்வில்லில் பிறந்த மார்செல் தியோனும் கியூபெக் பிள்ளையே. பின்னாளில் 731 கோல்கள் அடித்தவர். ஜூனியர் ஆட்டத்தில் அந்தப் பருவம் 130 கோல்கள் அடித்திருந்த லஃப்ளரை பொல்லாக் தேர்ந்தெடுத்தார்.

முதல் மூன்று பருவங்களில் லஃப்ளர் அடித்தவை 29, 28, 21. முணுமுணுப்பு எழுந்தது. அணி அவரைக் கைவிடவில்லை. 1974-75இல் 53 கோல்கள். அங்கிருந்து தொடர்ந்து ஆறு பருவங்கள் ஐம்பதோ அதற்கு மேலோ. தலைமுடி காற்றில் பறக்க அவர் வலது ஓரத்தில் பாய்ந்தால், மாண்ட்ரியல் ஃபோரம் அரங்கமே அவர் பெயரைச் சொல்லி முழங்கும். லீக் சாம்பியனுக்கான ஸ்டான்லி கோப்பையை ஐந்து முறை வென்றார்.

சொந்த மண்ணின் வீரனுக்காக அணியையே அடகுவைக்கத் துணிகிற மேலாளர்கள் உண்டு. அப்படி வருகிறவன், தனக்காக இழந்ததையெல்லாம் தோளில் சுமந்தபடி ஆட வேண்டியிருக்கும். பொல்லாக் கொடுத்த விலையில் அணியின் தூண் எதுவும் இல்லை. லஃப்ளர் வந்து சேர்ந்தது, 1971 மே மாதம்தான் கோப்பை வென்ற அணியில். டெட்ராய்டுக்குப் போன தியோன் அத்தனை கோல்கள் அடித்தும் ஸ்டான்லி கோப்பையைத் தொடாமலே ஓய்வு பெற்றார். ஊர்ப்பிள்ளை மீது வைத்த அன்பை அவன் ஆடப்போகும் அணியின் வலிமையாக மாற்றத் தெரிந்ததால்தான் பொல்லாக்கை நான் கலைஞர் என்கிறேன்.