ஓவியம் பத்திரமாக ஊர் சேர: மூன்று வகைப் பொதிகள், ஒரு சோதனை

பெங்களூரு குமாரகிருபா சாலையில் ஆண்டுதோறும் கூடும் சித்திரச் சந்தையை நடத்துவது, 1960-இல் தொடங்கப்பட்ட கர்நாடக சித்ரகலா பரிஷத். ஓவியர்கள் நடைபாதையிலேயே கடை விரிப்பார்கள். வாங்கியவர்கள் பபிள் ராப் சுற்றிய கேன்வாஸோடு ஆட்டோவிலும் ரயிலிலும் ஏறுவார்கள். அந்த ஒரு சுற்று போதுமா? சோதனைக்கென்றே தீட்டிய கேன்வாஸ்களை மூன்று விதமாகக் கட்டி, காரிலும் சென்னை ரயிலிலும் கொண்டுபோய்ப் பார்த்தேன்.

1. பபிள் ராப் மட்டும்

1957-இல் அமெரிக்காவில் சுவரில் ஒட்டும் அலங்காரத் தாள் செய்யும் முயற்சியில் பிறந்த பொருள் இது. விலை குறைவு, எடையே இல்லை, சிறு இடிகளைத் தாங்கும். ஆனால் வண்ணத்தின் மேல் நேராகச் சுற்றக் கூடாது. அக்ரிலிக் வண்ணம் சூட்டில் இளகும். வெயிலில் நிறுத்திய காருக்குள் இருந்த கேன்வாஸில் குமிழ்கள் வட்ட வட்டமாகத் தடம் பதித்துவிட்டன. எண்ணெய் வண்ணத்துக்கு ஆபத்து இன்னும் அதிகம்: தொட்டால் காய்ந்ததுபோல் இருக்கும், உள்ளே இறுகப் பல மாதங்கள் ஆகும். மூலைகளுக்கும் இதில் காப்பு இல்லை.

2. கிளாசின் தாள், பபிள் ராப், அட்டைப்பெட்டி

வழவழப்பான கிளாசின் தாள்தான் முதல் அடுக்கு. அதன்மேல் குமிழ்கள் வெளிப்பக்கம் பார்க்க பபிள் ராப். நான்கு மூலைக்கும் டி.வி. பெட்டிகளில் வருவது போன்ற ஃபோம் துண்டு. எல்லாவற்றுக்கும் மேல் ஐந்தடுக்கு நெளி அட்டைப்பெட்டி. ரயிலிலிருந்து இறக்கும்போது பெட்டியின் ஒரு மூலை நசுங்கியது. உள்ளே சட்டத்தில் கீறல்கூட இல்லை. வண்ணம் தடிப்பாகப் பூசிய அக்ரிலிக் படமானால் கிளாசினும் சூட்டில் ஒட்டலாம். அதற்கு கேக் சுடும் தட்டில் விரிக்கும் சிலிக்கான் பூசிய தாள் நல்லது. கண்ணாடி போட்ட படத்துக்குக் கண்ணாடியின் மேல் குறுக்கும் நெடுக்குமாக மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். உடைந்தாலும் சில்லுகள் படத்தைக் கிழிக்காது. பேஸ்டல், கரி ஓவியங்களுக்குக் கண்ணாடிக்குப் பதில் அக்ரிலிக் தகடு வேண்டாம். அதன் நிலைமின்னேற்றம் வண்ணத் துகளை இழுத்துவிடும்.

3. பிளைவுட் பெட்டி

உள்ளே ஃபோம், மூடிக்குத் திருகாணி. ஆணி அடித்தால் அந்த அதிர்ச்சியே படத்தைத் தாக்கும். மைசூர் ஓவியத்தின் தங்கரேக்கு மேட்டுக்கும், கல் பதித்த தஞ்சாவூர் ஓவியத்துக்கும் இதுதான் சரி. ஓரங்களை மட்டும் ஃபோம் பிடித்துக்கொள்ள, முகத்தை எதுவும் தொடாது. வெப்பமும் ஈரப்பதமும் உள்ளே மெதுவாகவே மாறும். எடையும் செலவும்தான் குறை. வெளிநாட்டுக்கு அனுப்பும் பெட்டியில் கட்டை மரம் இருந்தால், மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் சூடேற்றியதற்கான முத்திரை வேண்டும். பிளைவுட்டுக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

எந்தப் பொதியானாலும்

படத்தைப் படுக்க வைக்காதீர்கள், நிமிர்த்தி வையுங்கள். ஏசி பெட்டியிலிருந்து சென்னைப் புழுக்கத்தில் இறங்கியதும் பிரித்தால் ஈரம் படியும். ஓரிரவு அப்படியே விட்டு, மறுநாள் பிரித்து, பிளாஸ்டிக்கை முழுவதும் அகற்றுங்கள். மூடியே வைத்தால் பூஞ்சை பிடிக்கும்.

தீர்ப்பு

வீடு உள்ளூரிலேயே இருந்தால், கிளாசினும் பபிள் ராப்பும் சேர்ந்தால் போதும். ரயிலுக்கு இரண்டாவது வகையே சிறந்தது. என் முதல் பரிந்துரையும் அதுதான். லாரி, விமானம், கல் பதித்த ஓவியம் என்றால் பிளைவுட்டில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

பெட்டியைவிட முக்கியம், வண்ணத்தைத் தொடும் முதல் தாள். மாதக்கணக்கில் உழைத்துத் தீட்டிய படம் ஒரு தாள் இல்லாததால் கெடக் கூடாது. சந்தையில் கடை போடும் ஓவியர்கள் ஒரு சுருள் கிளாசின் தாளைக் கையோடு கொண்டுவர வேண்டும். வாங்குபவர்களும் படம் எப்போது தீட்டியது என்று விசாரித்து, அந்தத் தாளைக் கேட்டு வாங்க வேண்டும்.