'நான்' எப்போது 'நீ' ஆனது?

குடியை விட்டு ஆறு வருஷமான நண்பர் ஒருவர் தன் கையெழுத்துப் பிரதியைக் கொடுத்தார். 'நாலு பேருக்குப் பிரயோஜனப்படணும் தோழர், அடிச்சுத் திருத்திக் குடுங்க' என்றார். முதல் முப்பது பக்கங்களைக் கீழே வைக்க முடியவில்லை. மனைவியின் தோட்டை அடகு வைத்தது, குடியைச் சட்டென்று நிறுத்திய மூன்றாம் நாள் வலிப்பு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தது, ராத்திரியெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மச்சான். அப்புறம் திடீரென்று 'நான்' காணாமல்போய், 'நீ மனசு வை, உன்னால் முடியும்' என்று ஆரம்பித்துவிடுகிறது. ஆஸ்பத்திரியும் இல்லை, மச்சானும் இல்லை.

சுயமுன்னேற்ற நூல் என்னும் வகைமையின் வன்முறை இங்கேதான் செயல்படுகிறது. ஒருவரது போராட்டத்திலிருந்து கூலி, கடை, உடம்பு, கூட நின்றவர்கள் எல்லாவற்றையும் உருவியெடுத்துவிட்டு 'மனஉறுதி'யை மட்டும் அது மிச்சம் வைக்கிறது. தோற்கிற வாசகனுக்குக் கிடைப்பது குற்றவுணர்வு. நெடுநாள் குடித்தவன் இதை நம்பி மருத்துவ உதவியின்றிச் சட்டென்று நிறுத்தினால் உயிரே போகலாம்.

1939இல் அமெரிக்காவில் வெளிவந்த 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' வேறு மாதிரியான பிரதி. பில் வில்சன் தன் கதையோடு தொடங்கினாலும், அதன் பன்னிரண்டு படிகள் கட்டளைகளல்ல. 'நாங்கள் இப்படிச் செய்தோம்' என்கிற இறந்தகால வாக்குமூலம். கூடவே மற்றக் குடிநோயாளிகளின் கதைகளும் வரிசையாக வருகின்றன. போதிக்கும் தன்னிலை இங்கே கலைந்துபோகிறது.

ஆனால் அந்த 'நாங்கள்' மது விற்பவனைப் பற்றி வாய் திறப்பதில்லை. வெளிவிவகாரங்களில் கருத்துச் சொல்வதில்லை என்பது அவ்வமைப்பு பின்னர் வகுத்துக்கொண்ட மரபு. நெல்லூர் மாவட்டத்தில் நடந்தது இதற்கு நேரெதிர். துபகுண்டா கிராமத்துப் பெண்கள் சாராயக் கடையை மூடவைத்த கதை, புதிதாக எழுத்தறிந்தோருக்கான பாடமானது. படித்த பிற ஊர்ப் பெண்கள் தங்கள் ஊர்க் கடை வாசலுக்குப் போனார்கள். 1993இல் ஆந்திரத்தில் சாராயம் தடைசெய்யப்பட்டது. 1995இல் முழு மதுவிலக்கு வந்தது. 1997இல் அது தளர்த்தப்பட்டது. வெற்றி நிலைக்கவில்லை என்பதும் அந்தப் பாடத்தில் சேரவேண்டியதுதான். 2003இலிருந்து அரசே சில்லறையில் மது விற்கும் நம் மாநிலத்தில், குடிப்பவனிடம் மட்டும் 'மனசு வை' என்பது யாருக்குச் செய்யும் உதவி?

இதையெல்லாம் சொன்னபோது நண்பர் கேட்டார்: 'நடுராத்திரி கை நடுங்குறவனுக்கு அரசியலா தோழர் வேணும்?'

நியாயமான கேள்வி. அவனுக்கு என் கோட்பாடு உதவாது. அவருடைய உபதேசமும் உதவாது. அந்த ராத்திரி அவர் யார் கதவைத் தட்டினார், யார் திறந்தார்கள், எந்த வார்டில் சேர்த்தார்கள் என்பது உதவும். பிரதியைத் திருப்பிக் கொடுத்தேன். நான் அடித்திருந்தது ஒரே ஒரு சொல்லைத்தான், எல்லாப் பக்கத்திலும்: 'நீ'.