முப்பத்தேழில் எத்தனை சென்சார்?

ஆர்டுயினோ போர்டை வாங்கி எல்ஈடி விளக்கை மினுக்கவைத்த கையோடு எல்லோரும் தேடுவது ஒரு சென்சார் கிட். சென்னை ரிச்சி தெருக் கடையானாலும் இணையக் கடையானாலும் முதலில் கண்ணில் படுவது, '37 இன் 1' என்று அட்டை ஒட்டிய பிளாஸ்டிக் பெட்டிதான். தடுப்புத் தடுப்பாக அறைகள், அறைக்கு ஒரு மாட்யூல். சீனாவில் தயாராகிப் பல பெயர்களில் விற்கும் இந்தப் பெட்டிக்குள் இருப்பவற்றின் எண்கள் கேஒய்-001இல் தொடங்கி கேஒய்-040 வரை போகும். நடுவில் 007, 014, 030 மூன்றும் கிடையா. தனித்தனியே வாங்கிக் கூட்டினால் ஆகும் தொகையைவிடப் பெட்டியின் விலை குறைவு. அப்புறம் என்ன யோசனை என்று வாங்கிவிடுகிறோம்.

பெட்டியைத் திறந்து எண்ணிப் பார்த்துவிட்டு வாங்கலாம் என்பது என் கட்சி. முப்பத்தேழில் பத்து மாட்யூல்கள் எதையும் உணர்வதில்லை. மூவண்ண எல்ஈடி இரண்டு, இருவண்ண எல்ஈடி இரண்டு, தானே நிறம் மாறி மினுக்கும் எல்ஈடி ஒன்று, அகச்சிவப்பு உமிழி ஒன்று, லேசர் ஒன்று, பஸ்ஸர் இரண்டு, ரிலே ஒன்று. இவை வெளியீட்டுக் கருவிகள். இன்னும் மூன்று, கையால் இயக்குபவை: பொத்தான், ஜாய்ஸ்டிக், திருகும் என்கோடர். மீதமுள்ள இருபத்து நான்கில் ஐந்து, சாய்த்தாலோ அதிர்ந்தாலோ தொடுப்பு ஏற்படுத்தும் வெறும் சுவிட்சுகள். காந்தத்துக்கு ஐந்து, வெப்பத்துக்கு நான்கு, ஒலிக்கு இரண்டு, தொடுதலுக்கு ஒன்று. எஞ்சிய ஏழும் ஒளியைப் பார்ப்பவை. தீயைக் கண்டுபிடிப்பது, கோட்டைப் பின்தொடர்வது, தடையை அறிவது, நாடித்துடிப்பைப் படிப்பது என்று பெயர்கள்தாம் வேறுவேறு. வெப்பத்துக்கான நான்கில் ஒன்றான டிஎச்டி11 ஈரப்பதத்தையும் சேர்த்துச் சொல்லும். ஆக, முப்பத்தேழு மாட்யூலும் சேர்ந்து உலகில் அறியக்கூடியவை ஏழெட்டுக்கு மேல் இல்லை.

தொடக்க நிலையில் மாணவர்கள் அதிகம் கேட்பவையோ பெட்டியில் காணோம். தொலைவை அளக்கும் மீயொலி சென்சார், ஆள் நடமாட்டத்தைக் கண்டுகொள்ளும் பிஐஆர், மண் ஈரப்பதம், வாயு, காற்றழுத்தம், முடுக்கமானி, இவை எதுவும் மூலப் பதிப்பில் இல்லை. பின்னால் வந்த சில பதிப்புகளில் ஒன்றிரண்டைச் சேர்த்திருக்கிறார்கள். அட்டையில் எண் மட்டும் அதே முப்பத்தேழு.

இன்னொரு விஷயமும் கவனிக்கத்தக்கது. பெரிய மைக், சிறிய மைக், தீ, தொடுதல், ரீட் சுவிட்ச், ஹால் விளைவு, தெர்மிஸ்டர் என ஏழு மாட்யூல்களைத் திருப்பிப் பார்த்தால் ஒரே சர்க்யூட். எல்எம்393 என்ற ஒப்பீட்டுச் சிப், நீலப் பெட்டி போன்ற ஒரு பொட்டென்ஷியோமீட்டர், இரண்டு எல்ஈடி, நான்கு பின். முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் பாகம் மட்டும் மாறுகிறது. சென்சார் தரும் மின்னழுத்தத்தை, திருகாணியால் நாம் வைத்த எல்லையோடு ஒப்பிட்டு 'ஆம்' அல்லது 'இல்லை' என்று சொல்வதே அந்தச் சிப்பின் வேலை. முடிவெடுப்பது தான் எழுதிய நிரல் என்று மாணவர் நம்பிக்கொண்டிருப்பார். முடிவு போர்டுக்கு வரும் முன்பே மாட்யூலில் எடுக்கப்பட்டுவிட்டது. இதை விளக்க ஓர் ஆசிரியர் அருகில் இருந்தால் அருமையான பாடம். ஆனால் அந்தப் பாடத்துக்கு ஒரு மாட்யூல் போதுமே, ஏழு எதற்கு?

பெட்டியைக் குறை சொல்வது எளிது என்பதால் அதன் பக்க நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். பெரும்பாலான மாட்யூல்களுக்கு மூன்றே பின், சால்டரிங் தேவையில்லை. எரிந்துபோனால் போகட்டும் என்று தைரியமாகக் கைவைக்கலாம். விலையுயர்ந்த ஒற்றைச் சென்சாரைப் பயந்து பயந்து தொடுபவர் கற்பதில்லை. ஒரே அளவைப் பல வழிகளில் எடுக்கும் வசதியும் இதில் உண்டு. வெப்பத்துக்கான நான்கில், தெர்மிஸ்டர் மின்தடை மாற்றத்தைக் காட்டுகிறது, டிஎஸ்18பி20 ஒற்றைக் கம்பியில் எண்ணாகவே அனுப்புகிறது, டிஎச்டி11 நாற்பது பிட் கொண்ட பொட்டலமாக அனுப்பிக் கடைசி எட்டுப் பிட்டில் சரிபார்ப்பும் வைக்கிறது. மூன்றையும் ஒரே மேசையில் வைத்துப் படித்தால் அனலாக் என்றால் என்ன, டிஜிட்டல் என்றால் என்ன என்பது பாடப்புத்தகம் இல்லாமலே விளங்கும். கிட்டோடு வரும் விளக்கத்தாள் பெரும்பாலும் ஒன்றுக்கும் உதவாது என்பது உண்மைதான். ஜெர்மனியின் ஜாய்-ஐடி நிறுவனம் தன்னுடைய இதே வகைக் கிட்டுக்கு எழுதிய விளக்கங்களை இணையத்தில் திறந்து வைத்திருப்பதால், அந்தக் குறையை ஓரளவு ஈடுகட்டலாம்.

பெட்டியின் பெரிய குறையாக எனக்குப் படுவது மலிவும் அல்ல, திரும்பத் திரும்ப வருவதும் அல்ல. திரையில் ஓர் எண் வந்தவுடன் வேலை முடிந்துவிட்டது என்று அது நம்பவைக்கிறது. டிஎச்டி11 தரும் வெப்பநிலையில் கூடக்குறைய 2 டிகிரி பிழை இருக்கலாம் என்று அதன் தரவுத்தாளே சொல்கிறது. ஈரப்பதத்தில் 5 சதவீதம். சென்னையின் மே மாதத்தில் திரை 36 என்று காட்டினால் உண்மை 34ஆகவும் இருக்கலாம், 38ஆகவும் இருக்கலாம். அதன் வரம்பு 0 முதல் 50 டிகிரி. சமவெளிக்குப் போதும், உறைபனிக் காலத்து ஊட்டிப் புல்வெளியில் விடியற்காலை வைத்தால் எல்லையைத் தாண்டிவிடும். இவ்வளவையும் அறியாமல் புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம் போட்டு அச்சிடும் நிரல்களைக் கண்காட்சிக்குக் கண்காட்சி பார்க்கிறோம்.

ஆகவே தொடக்க நிலைக் கிட்டைத் தேர்ந்தெடுக்க என் அளவுகோல் ஒன்றுதான்: அது சொல்வதை வீட்டில் இருக்கும் பொருளால் சோதிக்க முடியுமா? டிஎஸ்18பி20இன் நீர்புகா வகையை, நொறுக்கிய ஐஸும் தண்ணீரும் கலந்த டம்ளரில் விடுங்கள். பூஜ்யத்துக்கு அருகில் நிற்க வேண்டும். அரை டிகிரிக்கு மேல் விலகினால் சந்தேகப்படலாம். சந்தையில் போலிச் சிப்புகள் நிறைய. ஈரப்பதத்தைச் சோதிக்கவும் அடுக்களையே போதும். உப்பில் கொஞ்சம் தண்ணீர் விட்டு ஈரக்குழம்பாக்கி, காற்றுப் புகாத டப்பாவில் சென்சாரோடு வைத்து மூடிச் சில மணி நேரம் விட்டால், உள்ளிருக்கும் காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தை ஒட்டி வந்து நிற்கும். இது ஆய்வுக்கூடங்களில் பயன்படும் முறைதான். உங்கள் டிஎச்டி11 அங்கே 68 காட்டினால் அந்த வித்தியாசத்தைக் குறித்துக்கொள்ளலாம்.

பெட்டியில் இல்லாத எச்சி-எஸ்ஆர்04 மீயொலி சென்சார் இந்த அளவுகோலில் முதலிடம் பெறுகிறது. தையல்காரர் டேப் இருந்தால் சோதித்துவிடலாம். 40 கிலோஹெர்ட்ஸ் ஒலித்துடிப்பை அனுப்பி, எதிரொலி திரும்பும் நேரத்தைச் சொல்லும் கருவி இது. 2 சென்டிமீட்டர் முதல் 4 மீட்டர் வரை அளக்கும். பெரும்பாலான மாதிரி நிரல்கள் ஒலியின் வேகத்தை நொடிக்கு 343 மீட்டர் என்று எடுத்துக்கொள்கின்றன. அது 20 டிகிரிக்கான வேகம். நம் ஊர்ப் பகலில், 35 டிகிரியில், ஒலி நொடிக்கு 352 மீட்டருக்கு மேல் போகும். இரண்டு மீட்டர் தள்ளி இருக்கும் சுவரை நிரல் ஐந்து சென்டிமீட்டர் குறைத்துச் சொல்லும். டேப்பைப் பிடித்துப் பார்த்த மாணவருக்கு இந்தப் பிழை தெரியும், காரணத்தைத் தேடுவார், வெப்பநிலைச் சென்சாரை அதே நிரலில் சேர்த்து வேகத்தைத் திருத்துவார். இரண்டே சென்சார், ஒரு டேப். முப்பத்தேழு தராத படிப்பை இது தருகிறது.

இந்த அளவுகோலில் தோற்பவை எவை என்றும் பார்க்கலாம். கேஒய்-039 நாடித்துடிப்பு மாட்யூல், விரலின் வழியே அகச்சிவப்பு ஒளியைச் செலுத்தி மறுபக்கம் பிடிப்பது. அறை வெளிச்சமும் விரலின் நடுக்கமும் துடிப்பை மூழ்கடித்துவிடும். ஆர்டுயினோ ஊனோ போர்டின் பத்துப் பிட் அனலாக்-டிஜிட்டல் மாற்றியில் ஒரு படியே கிட்டத்தட்ட 4.9 மில்லிவோல்ட்; அதற்குள் அடங்கிவிடும் நுண்ணிய அசைவு அதன் கண்ணில் படாது. மைக் மாட்யூல்கள் கைதட்டினால் தெரிவிக்கும், அவ்வளவுதான். அவற்றை வைத்து டெசிபெல் காட்டுவது கற்பனை. கிட்டுக்கு வெளியே எம்க்யூ-2 வாயு சென்சாரும் அப்படியே. உள்ளே சூடேற்றும் சுருளுக்கே 150 மில்லியாம்பியர் அளவுக்கு மின்சாரம் வேண்டும். புதிதாக வாங்கியதை ஒரு நாளுக்கு மேல் சூடேற்றிவைக்கச் சொல்கிறது தரவுத்தாள். அளவு தெரிந்த வாயு இல்லாமல் அளவீடு செய்ய வழியில்லை. சமையல் எரிவாயுக் கசிவை அறிவிக்கும் மாதிரிக் கருவியாக மேசையில் வைக்கலாம். வீட்டில் அதை நம்பித் தூங்கக் கூடாது. மண் ஈரப்பதத்துக்கு முட்கரண்டியின் இரண்டு கால்போல் வரும் மின்தடை வகை, தொடர்ந்து மின்சாரம் கொடுத்தால் மின்பகுப்பில் சில வாரங்களில் அரித்துப்போகும். அளக்கும் நொடிக்கு மட்டும் மின்சாரம் கொடுத்தால் ஆயுள் கூடும். மின்தேக்க வகை அரிப்பதில்லை; காய்ந்த மண்ணிலும் நனைத்த மண்ணிலும் ஒருமுறை வைத்து இரண்டு எல்லைகளையும் குறித்துக்கொண்டால் தோட்டத்துக்குப் போதுமானது.

பாதுகாப்பைப் பற்றி அட்டையில் ஒரு வரியும் இராது. கேஒய்-017 சாய்வுச் சுவிட்ச் ஒரு கண்ணாடிக் குமிழுக்குள் பாதரசத் துளி. கேஒய்-027 'மாய விளக்கு' மாட்யூலிலும் பல பதிப்புகளில் அதேதான். பாதரசச் சுவிட்சுகளின் உற்பத்தியையும் வணிகத்தையும், சில விலக்குகளோடு, 2020க்குள் நிறுத்த வேண்டும் என்பது மினமாட்டா ஒப்பந்தம். 2018இல் இந்தியாவும் அதை ஏற்று உறுதிசெய்தது. கொடைக்கானல் வெப்பமானித் தொழிற்சாலை 2001இல் மூடப்பட்ட பிறகும் பாதரசக் கழிவைப் பற்றிய பேச்சு ஓயாத மாநிலம் இது. இங்கே ஆறாம் வகுப்புப் பிள்ளையின் கையில் பாதரசக் குமிழைக் கொடுப்பது எனக்கு ஏற்புடையதல்ல. உருண்டை வைத்த கேஒய்-020 அதே வேலையைச் செய்துவிடும். லேசர் மாட்யூலைக் கண்ணுக்கு நேரே திருப்பக் கூடாது என்பதைச் சொல்லித்தான் கொடுக்க வேண்டும். ரிலேயில் 250 வோல்ட், 10 ஆம்பியர் என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்து வீட்டின் 230 வோல்ட்டை அதில் இணைக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். கீழே திறந்து கிடக்கும் சால்டர் புள்ளிகளில் அந்த 230 வோல்ட் அப்படியே இருக்கும். பயிற்சிக்குப் பேட்டரியும் சிறு மோட்டாரும் போதும்.

போர்டுக்கும் கிட்டுக்கும் பொருத்தம் பார்க்காமல் வாங்குவதால் வரும் சேதமும் உண்டு. ஊனோ ஆர்3 5 வோல்ட்டில் இயங்குவது. ஈஎஸ்பி32வும் ராஸ்ப்பெர்ரி பை பிக்கோவும் 3.3 வோல்ட். எச்சி-எஸ்ஆர்04இன் எக்கோ பின் 5 வோல்ட்டைத் திருப்பி அனுப்பும். ஒரு கிலோஓம், இரண்டு கிலோஓம் மின்தடைகளால் அதைப் பகிர்ந்து 3.3 ஆக்கித்தான் ஈஎஸ்பி32க்குக் கொடுக்க வேண்டும். கிட்டில் அந்த மின்தடைகள் இருப்பதில்லை. சில எல்ஈடி மாட்யூல்களிலும் மின்தடை கிடையாது. நேரடியாக இணைத்தால் எல்ஈடிக்கும் ஆபத்து, பின்னுக்கும் ஆபத்து.

இந்தத் தொல்லை எதுவும் வேண்டாம் என்பவர்களுக்கு எதிர்முனையில் குரோவ் பிகினர் கிட் இருக்கிறது. பத்து மாட்யூல்கள் ஒரே பலகையில், வயரே இல்லாமல் இணைந்து வரும். தேவைப்பட்டால் உடைத்துப் பிரித்துக்கொள்ளலாம். பிரிட்டனில் 2016இல் பள்ளிப் பிள்ளைகளுக்காக வந்த மைக்ரோபிட்டில் முடுக்கமானியும் திசைகாட்டியும் போர்டிலேயே உண்டு. வகுப்பு நாற்பத்தைந்து நிமிடம் என்றால் இவற்றுக்கு நிகரில்லை. கழன்றுபோன ஜம்பர் வயரைத் தேடிப் பாதி வகுப்பு போவதில்லை. ஆனால் மின்னோட்டம் எங்கே போகிறது என்ற கேள்வியே எழாமல் மறைத்துவிடுகின்றன. பிறகு வெளியில் ஒரு சாதாரண மாட்யூலைக் கையில் கொடுத்தால், எந்தப் பின் எதற்கு என்று தெரியாமல் விழிக்க நேரிடும். விலையும் அதிகம்.

வீட்டில் தனியாகக் கற்கும் ஒருவர் என்னிடம் கேட்டால் பெட்டியை வாங்கச் சொல்லமாட்டேன். பிரெட்போர்டு, ஜம்பர் வயர், பல மதிப்புகளில் மின்தடை, எல்டிஆர், பொட்டென்ஷியோமீட்டர், நீர்புகா டிஎஸ்18பி20, எச்சி-எஸ்ஆர்04, ஒரு பிஐஆர், ஐ2சி பழக ஒரு பிஎம்இ280. கடைசியில் சொன்னதைக் கவனித்து வாங்க வேண்டும்; ஈரப்பதம் அளக்காத பிஎம்பி280ஐ அதே பெயரில் தள்ளிவிடுகிறார்கள். சிப்பின் அடையாள எண்ணைப் படித்தால் பிஎம்இ என்றால் பதினறும எண் 60 வரும், பிஎம்பி என்றால் 58. இவற்றுக்கு முன்னால் ஒரு மலிவான மல்டிமீட்டர். பெரும்பாலான கிட்டுகள் அதைச் சேர்த்துத் தருவதில்லை. பழகுநர்களின் பாதிச் சிக்கல்கள், எந்தப் பின்னில் எத்தனை வோல்ட் என்று பார்த்தால் தீர்ந்துவிடும்.

பள்ளிக்கூடத்தின் கணக்கு வேறு. 2016இல் தொடங்கிய அடல் டிங்கரிங் ஆய்வகத் திட்டத்தில் ஒரு பள்ளிக்கு 20 லட்சம் ரூபாய் வரை கிடைக்கிறது. ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையான மாணவர்களுக்கானது அது. வாங்கும் பட்டியலில் பெட்டிகளின் எண்ணிக்கை பார்ப்பதற்குக் கம்பீரமாகத்தான் இருக்கும். அப்படியொரு ஆய்வகத்துக்கு 37 கிட் இரண்டு வாங்கி, பாதரச மாட்யூல்களை எடுத்துவிட்டு, ஆசிரியர் மேசையில் நூலகம்போல் வைத்துக்கொள்ளலாம்; யாருக்கு எது தேவையோ எடுத்துப் போய்த் திருப்பித் தரட்டும். மீதித் தொகையில் இரண்டு மாணவருக்கு ஒன்று என்ற கணக்கில் டிஎஸ்18பி20, எச்சி-எஸ்ஆர்04, மல்டிமீட்டர், ஒரு அளவு டேப் வாங்கினால், ஒரே நாளில் ஒரே அறையை எல்லோரும் அளந்து, யாருடைய எண் ஏன் விலகுகிறது என்று தங்களுக்குள் சண்டை போட்டுக்கொள்வார்கள்.