கூட்டத்தின் பணமும் கூட்டுறவின் பணமும்

கன்னடத்தில் 'லூசியா' என்ற படம் 2013 செப்டம்பர் 6 அன்று திரைக்கு வந்தது. திரையரங்கில் டார்ச் அடித்து இருக்கை காட்டும் ஒருவன் தூக்கம் வராமல் ஒரு மாத்திரையை விழுங்குகிறான். கனவில் பெரிய நடிகனாக வாழ்கிறான். எது கனவு, எது நனவு என்ற முடிச்சில்தான் கதை நிற்கிறது. புகழ் ஒரு மனிதனை உள்ளிருந்து அரிப்பதைச் சொன்ன உளவியல் படம் அது. தயாரிப்பாளர் கிடைக்காத இயக்குநர் பவன் குமார், இணையத்தின் வழியே நேராகப் பார்வையாளர்களிடம் பணம் கேட்டார். 27 நாட்களில் 110 பேர் தந்த தொகை ஏறக்குறைய 51 லட்சம் ரூபாய். கல்யாண வீட்டுப் புகைப்படக்காரர்களும் வைத்திருந்த கேனான் 5டி கேமராவில் படம் பிடித்தார்கள். 2013 ஜூலையில் லண்டன் இந்தியத் திரைப்பட விழாவில் பார்வையாளர் விருது கிடைத்தது. 2015இல் சித்தார்த் நடிக்க 'எனக்குள் ஒருவன்' என்று தமிழிலும் மறுஆக்கம் ஆனது. ஊட்டியிலோ குன்னூரிலோ உட்கார்ந்து, இணையப் புகழின் போதையைப் பற்றி ஒரு த்ரில்லர் எழுதும் இளைஞருக்கு இன்று முதலில் கிடைக்கும் யோசனை, 'லூசியா மாதிரி கிரவுட் ஃபண்டிங் பண்ணுங்கள்' என்பதே. அந்த யோசனை எவ்வளவு பாரம் தாங்கும் என்பதைத்தான் இங்கே எடைபோடுகிறேன். லூசியாவை எழுப்பி நிறுத்திய பணம் கூட்டத்தின் பணம் என்று சொல்லப்படுகிறது. கணக்குப் போட்டுப் பார்த்தால் அது ஒரு சிறு வட்டத்தின் பணம். இந்த வேறுபாட்டை மறந்ததால்தான் பலருடைய முயற்சி பாதியில் நிற்கிறது.

51 லட்சத்தை 110ஆல் வகுத்தால் ஆளுக்கு 46,000 ரூபாய்க்கு மேல் வருகிறது. இது போகிற போக்கில் உண்டியலில் போடும் தொகை ஆகாது. திரும்பி வரும் என்ற எதிர்பார்ப்போடு, யோசித்து எடுத்துக் கொடுத்த முதல். இதற்கு நேர் எதிரில் ஷியாம் பெனகலின் 'மந்தன்' இருக்கிறது. 1976இல் வந்த அந்தப் படத்துக்குக் குஜராத்தின் பால் உற்பத்தியாளர்கள் 5 லட்சம் பேர் ஆளுக்கு 2 ரூபாய் தந்தார்கள். உண்மையான கூட்டம் என்றால் அதுதான். ஆனால் அவர்களும் முகம் தெரியாதவர்களாய்ச் சிதறிக் கிடந்தவர்கள் அல்லர். கூட்டுறவுச் சங்கத்தில் ஏற்கெனவே உறுப்பினர்கள். படமும் அவர்களுடைய கதை. கேரளத்தில் இயக்குநர் ஜான் ஆபிரகாமும் ஒடேசா திரைப்பட இயக்கமும் மக்களிடம் நன்கொடை திரட்டி 1986இல் 'அம்ம அறியான்' எடுத்தபோது, ஊர் ஊராக நேரில் போய்த்தான் கேட்டார்கள். இவற்றோடு அமெரிக்காவின் 'வெரோனிகா மார்ஸ்' படத்தை வைத்துப் பாருங்கள். 2013இல் கிக்ஸ்டார்ட்டர் என்ற நிதி திரட்டும் தளத்தில் 91,585 பேர் சேர்ந்து 57 லட்சம் டாலர் தந்தார்கள். ஆளுக்குச் சராசரி 62 டாலர். தொலைக்காட்சித் தொடராக வந்து ஏற்கெனவே பெயர் பெற்றிருந்த கதை அது. சங்க உறுப்பினர், முதலீட்டாளர், ரசிகர் என்று மூன்று வேறு வகை மனிதர்களை ஒரே சொல்லில் அடக்கி 'கூட்டு நிதி' என்கிறோம். புதிய இயக்குநருக்கு ரசிகர் கிடையாது. சங்கமும் கிடையாது. அவர் கையில் மிஞ்சுவது நடுவிலிருக்கும் அந்தச் சின்ன வட்டம் மட்டுமே.

இந்த முறைக்கு உண்மையான பலம் உண்டு. அதை ஒளித்துவிட்டுக் குறை சொல்வது நியாயமாகாது. ஒற்றைத் தயாரிப்பாளர் பணம் போட்டால் நாயகன் யார், பாட்டு எத்தனை, முடிவு எப்படி என்று ஒவ்வொன்றிலும் அவருடைய பயம் வந்து உட்காரும். நூறு பேர் பங்கு போட்டால் அந்தப் பயம் நூறாகப் பிரிந்து மெலிந்துவிடுகிறது. லூசியாவின் குழப்பமான கதையமைப்பு அப்படியே திரைக்கு வந்தது இதனால்தான். படம் எடுக்கும் முன்பே அதைப் பார்க்க விரும்புகிறவர்கள் இருக்கிறார்கள் என்பதற்கும் இது சான்றாகிறது. லீனா மணிமேகலையின் 'மாடத்தி' போன்ற ஒரு படத்தை வணிகத் தயாரிப்பாளர் எவரும் தொட்டிருக்க மாட்டார். மக்கள் தந்த பணம் அதைச் சாத்தியமாக்கியது. ஓனிர் இயக்கிய 'ஐ ஆம்' 400க்கும் மேற்பட்டவர்களின் பங்களிப்பில் உருவாகி தேசிய விருதும் பெற்றது. சொல்ல வந்ததை யாருக்கும் பணியாமல் சொல்ல முடிகிறது என்பது சின்ன விஷயமில்லை.

ஆனால் இணையப் புகழைப் பற்றிய படம் என்று வரும்போது இந்த முறை தன் காலையே வாரிவிடுகிறது. நிதி திரட்டும் மேடையில் நிற்க முதலில் ஒரு வீடியோ வேண்டும். அதில் இயக்குநர் தன்னை விற்க வேண்டும். தினமும் ஒரு பதிவு, ஒரு நேரலை, இத்தனை விழுக்காடு சேர்ந்துவிட்டது என்று ஏறிக்கொண்டே போகும் ஒரு பட்டை. அந்தப் பட்டை அசையாவிட்டால் புதிதாக வருகிறவரும் பணம் போடத் தயங்குவார். அதனால் அசைவதுபோலக் காட்டுவதற்காகவே நண்பர்களிடம் கெஞ்ச வேண்டியிருக்கிறது. பின்தொடர்பவர் எண்ணிக்கைக்காகத் தன்னை இழக்கும் ஒரு பெண்ணைப் பற்றிக் கதை எழுதியவர், அந்தப் பெண் செய்த ஒவ்வொன்றையும் இரண்டு மாதம் தானும் செய்கிறார். இது வெறும் மனச்சங்கடம் என்று தள்ளிவிடலாமா? முடியாது. விளைவு திரைக்கதையில் தெரியும். எது அதிகம் பகிரப்பட்டதோ அந்தக் காட்சி பெரிதாகும். பணம் தந்தவர்கள் ரசித்த வசனம் தங்கும், அவர்களுக்குப் பிடிபடாத மௌனம் போகும். ஒற்றைத் தயாரிப்பாளரின் பயத்திலிருந்து தப்பிய கதை, விருப்பக்குறிகளின் பயத்தில் சிக்கிக்கொள்கிறது.

த்ரில்லருக்கு இன்னொரு இடைஞ்சலும் உண்டு. கதையின் உயிர் கடைசித் திருப்பத்தில் இருக்கிறது. அதைச் சொன்னால் படம் போச்சு, சொல்லாவிட்டால் பணம் வராது. ஆவணப்படம் எடுப்பவர் பிரச்சினையைச் சொல்லிக் கேட்கலாம். த்ரில்லர்காரர் எதைச் சொல்லிக் கேட்பார்? செலவின் கூறுகளும் எளிதில் விளங்குவதில்லை. ஜெயப்பிரகாஷ் ராதாகிருஷ்ணன் இயக்கி, முக்கிய வேடமும் ஏற்ற 'லென்ஸ்' நமக்கு மிக அருகிலுள்ள எடுத்துக்காட்டு. இணையத்தில் அடுத்தவர் அந்தரங்கத்தைப் பார்க்கும் பழக்கத்தைப் பற்றிய உளவியல் படம். பெரும்பகுதி ஒரு அறையும் கணினித் திரையுமாகவே நகர்கிறது. பார்க்கிறவருக்கு மலிவான படம் என்று தோன்றும். ஆனால் கதை அறைக்குள் நடப்பதால் ஒலிதான் பயத்தைச் சுமக்க வேண்டும். கைப்பேசித் திரையில் தெரியும் செயலியைப் புதிதாக வரைந்து, ஒவ்வொரு காட்சியிலும் பொருத்த வேண்டும். பணம் தருகிறவர் கண்ணுக்குத் தெரியாத இந்த வேலைகளில்தான் பணம் கரைகிறது. அதற்கு மேல் தணிக்கை, திரையரங்குக்கான டிஜிட்டல் பிரதி, விளம்பரம் என்று வெளியீடு ஒரு இரண்டாவது மலையாக நிற்கிறது. 2017 மே மாதம் லென்ஸ் தமிழில் வெளியானபோது அதை வழங்கியவர் இயக்குநர் வெற்றிமாறன். படத்தை எடுத்து முடிக்க ஒரு வழி கிடைத்தாலும், ஊருக்குக் காட்டப் பெயருள்ள ஒருவரின் கை தேவைப்படுகிறது.

நீலகிரியை எடுத்துக்கொள்வோம். சினிமாவுக்கு இந்த மலை நெடுநாளாகப் பின்னணி ஓவியம். கேத்தி ரயில் நிலையம் என்றால் 'மூன்றாம் பிறை'யும், மலை ரயில் என்றால் 'தில் சே' பாட்டும் நினைவுக்கு வரும். நாட்டுக்கே கறுப்பு வெள்ளை ஃபிலிம் சுருளைச் செய்து தந்த இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் ஊட்டியின் இந்து நகரில்தான் இருந்தது. அப்படியிருந்தும் பணம் கீழிருந்து வந்து, பத்து நாள் அறை வாடகையும் வண்டி வாடகையும் கொடுத்துவிட்டுக் கீழேயே இறங்கிவிடுகிறது. மலையில் உள்ளவரே படம் எடுக்க வந்தால், முன்கூட்டி அறிவித்த தொகையும் தேதியும் இந்த மலைக்கு ஒத்துவருவதில்லை. ஊட்டி, கூடலூர் பக்கம் ஜூன் முதல் தென்மேற்குப் பருவமழை. அது ஓய்ந்தால் குன்னூர், கோத்தகிரி பக்கம் வடகிழக்குப் பருவமழை. இடைவெளியிலும் மாலை நாலு மணிக்கு மூடுபனி இறங்கினால் அன்றைய படப்பிடிப்பு அவ்வளவுதான். ஏப்ரல், மே சீசனில் அறை வாடகையைத் தொட முடியாது. உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும். இத்தனைக்கும் நடுவே, 'டிசம்பரில் படத்தை உங்கள் கையில் தருகிறேன்' என்று முகம் தெரியாத ஆயிரம் பேருக்குக் கொடுப்பது, நடத்திக்காட்ட முடியாத வாக்கு.

இதே மலையில் இதைவிட நல்ல முன்மாதிரி ஒன்று அறுபது ஆண்டுகளாகக் கண்முன் இருக்கிறது. சிறு தேயிலை விவசாயிகளின் கூட்டுறவுத் தொழிற்சாலைகளைச் சொல்கிறேன். 1965இல் அமைந்த இன்ட்கோசர்வ் கூட்டமைப்பின் கீழ் 16 தொழிற்சாலைகள். உறுப்பினர்கள் ஏறக்குறைய 30,000 பேர். அரை ஏக்கர், ஒரு ஏக்கர் வைத்திருப்பவர் தனியாகத் தொழிற்சாலை கட்ட முடியாது. பங்கு போட்டுச் சேர்ந்தார்கள். அங்கே யாரும் ரசிகராகப் பணம் தரவில்லை. பங்குதாரர் என்ற உரிமையோடு தந்தார்கள். பொதுக்குழுவில் எழுந்து கேள்வி கேட்கலாம். படத்துக்கும் இதே அமைப்பைக் கொஞ்சம் மாற்றிப் பயன்படுத்தலாம். நூறு அல்லது நூற்றைம்பது பேர், ஆளுக்கு 25,000 ரூபாய் முதல் 50,000 வரை. தன் வீட்டைப் படப்பிடிப்புக்குத் தருகிறவர், ஜீப் தருகிறவர், சமையல் செய்கிறவர் ஆகியோரின் பங்களிப்பையும் ரூபாயாக மதிப்பிட்டுப் பங்காக எழுதலாம். திரைக்கதையில் தலையிட மாட்டோம், வரவுசெலவை மாதாமாதம் பார்ப்போம் என்பதை எழுத்தில் வைக்கலாம். விருப்பக்குறிகளை எண்ணிக்கொண்டிருக்க வேண்டிய கட்டாயம் இயக்குநருக்கு அப்போது இராது.

கூட்டுறவுத் தொழிற்சாலைகளே பசுந்தேயிலை விலையில் தடுமாறும்போது அதையா முன்மாதிரி என்கிறீர்கள் என்று கேட்கலாம். கேள்வி சரிதான். பசுந்தேயிலைக்குக் கட்டுப்படியான விலை கேட்டு மலை விவசாயிகள் பல ஆண்டுகளாகப் போராடி வருகிறார்கள். ஆனால் அந்தப் பிரச்சினை சந்தையிலிருந்து வருகிறது. பங்கு போட்ட முறையால் வந்தது இல்லை. சினிமாவிலும் சந்தை கைவிடலாம். அப்போதும் பணம் எங்கே போனது என்று கேட்க ஒரு இடம் இருக்கும். நன்கொடையாகத் தந்தவருக்கு அந்த இடம்கூடக் கிடையாது. தமிழர்களுக்கு மொய் விருந்து தெரியும். பேராவூரணிப் பக்கம் ஊரே கூடி எழுதும் மொய்யில் லட்சங்கள் சேரும். அதுவும் கூட்டு நிதிதான். ஆனால் நோட்டில் பெயரும் தொகையும் இருக்கும், திருப்பிச் செய்ய வேண்டிய கடமையும் இருக்கும். நன்றி அட்டையில் பெயரும் ஒரு டி-சர்ட்டும் தந்து முடித்துக்கொள்ளும் முறை, மொய் நோட்டு அளவுக்குக்கூடப் பொறுப்பு ஏற்பதில்லை.

வலுவான மறுப்பு சட்டத்திலிருந்து வருகிறது. கூட்டு நிதித் தளங்களில் நிறுவனப் பங்கைப் பொதுமக்களுக்கு விற்க இந்தியாவில் வழியில்லை. பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி 2014இல் இதைப் பற்றி ஒரு கலந்தாய்வு அறிக்கை வெளியிட்டது. அது விதியாக மாறவில்லை. மாறாக 2016இல், அங்கீகாரம் இல்லாத தளங்களை நம்ப வேண்டாம் என்று முதலீட்டாளர்களை எச்சரித்தது. 2013ஆம் ஆண்டு நிறுவனச் சட்டத்தின்படி தனிப்பட்ட முறையில் பங்கு தருவதென்றால் ஒரு நிதியாண்டில் 200 பேருக்கு மேல் போகக்கூடாது, பொது விளம்பரமும் கூடாது. பலர் இதைத் தடை என்கிறார்கள். எனக்கு இது வழிகாட்டியாகவே தெரிகிறது. லூசியாவுக்குப் பணம் போட்டவர்கள் 110 பேர்தானே! ஒரு சின்னப் படத்துக்கு 200 பேர் தாராளம். விளம்பரம் செய்யாமல் அறிந்தவரிடம் நேரில் போய்க் கேள் என்று சட்டம் சொல்கிறது. ஜான் ஆபிரகாமும் நேரில் போய்த்தான் கேட்டார். ஒரு நல்ல ஆடிட்டரின் உதவி இல்லாமல் இதில் இறங்கக்கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

விளம்பரம் இல்லாவிட்டால் படம் யாருக்குத் தெரியும் என்பது கடைசி மறுப்பு. விளம்பரம் வேண்டும், படம் முடிந்த பிறகு. இல்லாத படத்துக்கு வாங்கும் புகழ் நிலைப்பதில்லை. லூசியாவின் வெற்றிக்குப் பிறகு பவன் குமாரே நிகோடினின் வேதியியல் வாய்பாட்டைத் தலைப்பாக வைத்து அறிவித்த அடுத்த கூட்டு நிதிப் படம் திரைக்கு வரவில்லை. 2016இல் வந்தது 'யூ டர்ன்'. அவ்வளவு நற்பெயர் பெற்ற ஒருவருக்கே இரண்டாம் முறை அந்தக் கதவு திறக்கவில்லை என்றால், முதல் படம் எடுப்பவர் அதன் முன்னால் காத்திருந்து ஆண்டுகளை இழக்கக்கூடாது.

கோத்தகிரியிலிருந்தோ குன்னூரிலிருந்தோ இப்படி ஒரு படத்துக்காக யாராவது உங்களிடம் பணம் கேட்டு வந்தால், அவரைப் பின்தொடர்பவர்கள் எத்தனை பேர் என்று பார்க்காதீர்கள். கதையைக் கேளுங்கள், பங்குப் பத்திரத்தைக் கேளுங்கள், மாதக் கணக்கை எந்தத் தேதியில் காட்டுவார் என்று கேளுங்கள். மூன்றுக்கும் நேரான பதில் வந்தால், முடிந்ததைக் கொடுங்கள்.