சிகுசா நாகாயோவின் தலைமுடி

தொழில்முறை மல்யுத்தம் பற்றிப் பேச்செடுத்தாலே யாராவது ஒருவர் குறுக்கே வந்து, "அதெல்லாம் சும்மாங்க, யார் ஜெயிக்கணும்னு முன்னாடியே பேசி வெச்சிருவாங்க" என்பார். உண்மைதான், பேசித்தான் வைக்கிறார்கள். ஆனால் அதைச் சொன்னதோடு விஷயம் முடிந்துவிட்டதாக அவர் நினைப்பதுதான் சிக்கல். முடிவு முன்பே தீர்மானிக்கப்பட்ட ஓர் ஆட்டத்தில் எது நிஜம், அந்த நிஜத்துக்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்று கேட்க வேண்டியிருக்கிறது. இந்தக் கேள்வியைச் சிகுசா நாகாயோவின் வாழ்க்கையை வைத்துக் கேட்டுப் பார்க்கலாம்.

நாகாயோ 1964-இல் நாகசாகி மாவட்டத்தின் ஒமுராவில் பிறந்தவர். சிறு வயதிலேயே அப்பாவிடம் கராத்தே கற்றார். 1980-இல், பதினைந்து வயதில், அகில ஜப்பான் பெண்கள் மல்யுத்த நிறுவனத்தில் அறிமுகமானார். ரசிகர்கள் சுருக்கமாக 'ஸென்ஜோ' என்பார்கள். மட்சுனாகா சகோதரர்கள் 1968-இல் தொடங்கிய குடும்ப நிறுவனம் அது. குடிக்கக் கூடாது, புகைக்கக் கூடாது, ஆண்களோடு பழகக் கூடாது என்று மூன்று தடைகள். இருபத்தைந்து வயதை ஒட்டி ஓய்வு பெற்றுவிட வேண்டும் என்பது நான்காவது. பதினைந்தில் வந்த பிள்ளைக்குப் பத்து வருஷம். அவ்வளவுதான் கணக்கு.

அதே 1980-இல் வந்தவர்கள்தான் லயனஸ் அசுகாவும் டம்ப் மட்சுமோட்டோவும். 1983-இல் அசுகாவும் நாகாயோவும் 'க்ரஷ் கேல்ஸ்' என்ற ஜோடியானார்கள். ஃபுஜி டிவியில் வந்தார்கள், 1984-இல் பாட்டு ரெக்கார்டும் போட்டார்கள். அரங்கை நிறைத்தது பள்ளி மாணவிகள். மட்சுமோட்டோ எதிர்ப்பக்கம் போனார். முகத்தில் கோரமான பெயின்ட், கையில் சங்கிலி, மூங்கில் வாள். அந்த மாணவிகள் மனதார வெறுப்பதற்கென்றே செய்யப்பட்ட உருவம்.

நுட்பத்திலும் பலத்திலும் அசுகாதான் மேல் என்பது என் கருத்து. நாகாயோவின் திறமை வேறு இடத்தில் இருந்தது. தமிழில் அடியை 'வாங்குகிறோம்' என்கிறோமே, அந்த வாங்குவதில் இருந்தது. அடி விழுந்ததும் அவர் சரிந்துவிடுவதில்லை. எழ முயல்வார், கை தளரும், மறுபடி முயல்வார். முகம் பார்வையாளர் பக்கம் திரும்பும். வலி அவர் உடம்பிலிருந்து மூன்றாவது வரிசையில் இருக்கும் பெண்ணுக்குப் போய்ச் சேர அந்த ஒரு நொடி போதும். அடிக்கத் தெரிந்தவர்கள் அந்த நிறுவனத்தில் நிறைய பேர். தன் வலியை இன்னொருவருடையதாக மாற்றத் தெரிந்தவர்கள் அபூர்வம்.

1985 ஆகஸ்ட் 28, ஒசாகா-ஜோ ஹால். நாகாயோவுக்கும் மட்சுமோட்டோவுக்கும் ஆட்டம். தோற்பவருக்கு மொட்டை. ரத்தம் வழியக் கிடக்கும் நாகாயோ தோற்றதாக அறிவிக்கப்படுகிறார். ரிங்கின் நடுவில் உட்கார வைத்து முடியை மழிக்கிறார்கள். பார்த்துக்கொண்டிருக்கும் மாணவிகள் கதறுகிறார்கள். ரசிகர் கத்துவது எல்லா விளையாட்டிலும் உண்டு. இது எழவு வீட்டு அழுகை. அழுகை பிறக்கும் இடங்களைச் சொல்லும் தொல்காப்பியம் முதலில் வைப்பது இளிவை, அடுத்து இழவை. பிறரால் சிறுமைப்படுவது, இருப்பதை இழப்பது. அந்த நாற்காலியில் இரண்டும் ஒன்றாக உட்கார்ந்திருந்தன.

தோல்வி எழுதி வைக்கப்பட்டதுதான். ஆனால் போன முடி போனதுதான். 'சும்மா' என்பவருக்கு என் பதில் இது. எழுதப்பட்ட கதையின் வரவுசெலவு நிஜமான உடம்பில்தான் நடக்கிறது. மறு ஆண்டு மட்சுமோட்டோவின் முறை வந்தது. அவர் தலையும் மழிக்கப்பட்டது.

2024-இல் நெட்ஃபிளிக்ஸில் வந்த 'தி குயின் ஆஃப் வில்லன்ஸ்' தொடர் இந்தக் கதையை மட்சுமோட்டோ பக்கம் நின்று சொல்கிறது. யூரியன் ரிட்ரீவர் மட்சுமோட்டோவாகவும் எரிகா கராட்டா நாகாயோவாகவும் நடித்தார்கள். நடிகைகளுக்கு மல்யுத்தப் பயிற்சி தந்தவர் நாகாயோவே. மொட்டைக் காட்சிக்குக் கராட்டா நிஜமாகவே தலையை மழித்துக்கொண்டார். நல்ல தொடர், ஒரே மூச்சில் பார்க்கலாம். என் குறை ஒன்றுதான். வறுமை, குடும்பம், நட்பில் விழுந்த விரிசல் என்று காரணங்களைத் திரைக்குப் பின்னால் தேடி எடுத்து, ரிங்கை அந்தக் காரணங்களின் விளைவாக மட்டும் அது காட்டுகிறது. வில்லிக்கு ஒரு நியாயம் கிடைத்துவிடுகிறது, சரி. ஆனால் நாகாயோ என்ற ஆட்டக்காரர் ரிங்குக்குள்தான் உருவானார். அடி வாங்கும்போது அவர் எடுத்த முடிவுகள்தான் அவருடைய படைப்பு. தொடர் அவரைப் பாவப்பட்ட பெண்ணாகக் காட்டுகிறது, கலைஞராகக் காட்டத் தவறுகிறது.

அவருடைய நிஜமான தோல்விக்கு யாரும் அழுததாகக் கதை எழுதவில்லை. 1989 மே மாதம் யோகோஹாமா அரீனாவில் அவர் ஓய்வு பெற்றார். வயது 24. நிறுவனத்துக்குக் கோடி கோடியாகச் சம்பாதித்துத் தந்த ஒருவரை வீட்டுக்கு அனுப்ப வயதே போதுமான காரணமாக இருந்தது.

1993-இல் திரும்பி வந்தார். அடுத்த ஆண்டே 'கையா ஜப்பான்' என்ற சொந்த நிறுவனம். 1995-இல் அதன் முதல் நிகழ்ச்சியில் அறிமுகமான பதினைந்து வயதுப் பெண் மெய்கோ சதோமுரா. அவர் 2025 வரை, முப்பது வருஷம் ஆடிவிட்டுத்தான் ஓய்வு பெற்றார். முப்பதைத் தாண்டிய லயனஸ் அசுகாவும் கையா மேடையில் நட்சத்திரமாக நின்றார். இருபத்தைந்துக்கு மேல் ஒரு பெண் உடம்பால் என்ன முடியும் என்பதற்கு நாகாயோ தந்த பதில் இதுதான் என்று எடுத்துக்கொள்கிறேன்.

இங்கேயே நிறுத்தினால் கட்டுரை அழகாக முடியும். ஆனால் கிம் லாங்கினோட்டோவும் ஜானோ வில்லியம்ஸும் எடுத்த 'கையா கேர்ள்ஸ்' ஆவணப்படம் இருக்கிறது. அதில் பயிற்சிக்கு வந்த பெண்ணை நாகாயோ கன்னத்தில் அறைகிறார், அவமானப்படுத்துகிறார். அந்தப் பெண் வாயில் ரத்தத்தோடு மறுபடி எழுந்து நிற்கிறாள். அவர் தப்பித்து வந்த வீட்டின் வயது வரம்பைத்தான் உடைத்தார். சுவர்களைக் கூடவே எடுத்து வந்துவிட்டார். கேமரா எதையும் விளக்காமல் பார்த்துக்கொண்டே இருக்கிறது. 1985-இல் நம்மை அழவைத்த அதே உடல்மொழி, எழ முயல்வதும் கை தளர்வதும், இப்போது அந்தச் சிறு பெண்ணிடம் இருக்கிறது. இந்த முறை ஸ்கிரிப்ட் இல்லை.

இதைப் பார்த்த பிறகு ஒசாகா ஆட்டத்தை ரசிக்க முடியுமா? என்னால் முடிகிறது. ஆனால் பழைய மாதிரி ஒரு பக்கம் மட்டும் அழ முடியவில்லை. நாகாயோ அவ்வளவு துல்லியமாக அடி வாங்கக் கற்ற இடம் எப்படிப்பட்டது என்று தெரிந்துவிட்டது. அந்தக் கல்வியை அவர் அப்படியே அடுத்தவர் கையில் கொடுத்ததும் தெரிந்துவிட்டது. அவர் கலையை மதிக்கிறேன் என்று சொல்கிறவர் அந்தக் கன்னத்தையும் கணக்கில் எழுத வேண்டும்.